சொந்தத்தில் கல்யாணமா என்று மட்டும்தான் கேட்டார்கள்

என் அம்மாவுக்குக் 'குப்பை' என்று தொடங்கும் பெயர். பள்ளிக்கூட விண்ணப்பத்தில் தாயார் பெயர் எழுதும்போதெல்லாம் எனக்குக் கூச்சமாக இருக்கும். பிறக்கிற பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்துப் பிறப்பதைக் குப்பையில் போட்டுப் புரட்டி எடுத்து எமன் கண்ணில் படாத மாதிரி ஒரு பெயர் வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அம்மாவுக்கு முன்னால் அம்மாச்சிக்குப் பிறந்த இரண்டு பையன்கள், ஒருவன் நாலு மாதத்திலும் இன்னொருவன் ஆறு மாதத்திலும் போய்விட்டார்கள் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அந்தப் பெயர் ஒரு மருத்துவக் குறிப்பும்கூட என்பது என் மகனுக்கு நாலரை மாதம் ஆனபோதுதான் எனக்குத் தெரிந்தது.

என் மகனுக்கு ஸ்கிட் என்ற பிறவி நோய். உடம்பில் நோய் எதிர்ப்புப் படையை நடத்துகிற டி அணுக்கள் உருவாகவே இல்லை. பார்ப்பதற்குக் கொழுகொழு என்று பிறந்தான், 3.1 கிலோ. உள்ளே காவலே கிடையாது. அது தெரியாமல் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்துகள் மூன்று அவனுக்குள் போயின. அப்புறம் நடந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் இருந்து கற்றுக்கொண்டது கொஞ்சம் உண்டு.

2022 ஜூன் மாதம் பிறந்தான். கர்ப்பம் பதிந்தபோது, ஸ்கேனுக்குப் போனபோது, பிரசவத்துக்குச் சேர்ந்தபோது, பிறந்த பிறகு குழந்தை மருத்துவர் வந்து பார்த்தபோது என்று நாலு இடத்தில் ஒரே கேள்வி கேட்டார்கள். "சொந்தத்துல கல்யாணமா?" இல்லை என்றேன். என் கணவர் வேறு ஊர், வேறு வழி, இரண்டு குடும்பத்துக்கும் ஏழு தலைமுறைக்குச் சம்பந்தம் கிடையாது. இல்லை என்று சொன்னதும் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். எனக்கும் பரம்பரை நோய் பற்றிய பயம் அதோடு போயிற்று. உறவில் கட்டினால்தான் பிள்ளைக்குக் குறை வரும் என்று நாங்களும் நினைத்திருந்தோமே.

இரண்டாம் நாள் ஊசி. இடது கையில் காசநோய்க்கான பிசிஜி, தொடையில் மஞ்சள் காமாலை தடுப்பூசி, வாயில் இரண்டு சொட்டு போலியோ. எல்லாக் குழந்தைக்கும் போடுவதுதான். ஒன்றரை மாத ஊசிக்கு நர்சம்மாவிடம் தூக்கிப் போனபோது அவன் நன்றாகத்தான் இருந்தான். தாயின் ரத்தத்திலிருந்து வந்த எதிர்ப்பொருள் முதல் சில மாதங்கள் குழந்தையைக் காக்கும், அதனால் இந்த நோய் உள்ள குழந்தைகள் ஆரம்பத்தில் ஆரோக்கியமாகவே தெரிவார்கள் என்று பின்னால் சொன்னார்கள். அன்றைக்குத் தொடையில் ஐந்து நோய்க்கான ஊசி, இன்னொரு தொடையில் நிமோனியா ஊசி, கையில் போலியோ ஊசி, வாயில் மறுபடி போலியோ சொட்டு, கூடவே வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்து. இதில் ஊசியாகப் போனவை எல்லாம் கொல்லப்பட்ட கிருமியோ கிருமியின் துண்டோதான், அவனைப் போன்ற குழந்தைக்கு அவற்றால் பலன் இருக்காது, ஆனால் கெடுதலும் இல்லை. வாயில் போனவை இரண்டும் உயிருள்ளவை.

ரோட்டா சொட்டுக்குப் பிறகு சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு நாள் வயிறு இளகும். இவனுக்கு நிற்கவே இல்லை. இரண்டரை மாத ஊசி வந்தது, மறுபடி சொட்டு போட்டோம், போக்கு கூடியது. நாக்கில் மாவு மாதிரி வெள்ளைப் படலம் வந்தது, துடைத்தால் போகாது, மருந்து தடவினால் போகும், நிறுத்தினால் திரும்பி வரும். இரண்டு மாதத்தில் 4.6 கிலோ இருந்தவன் மூன்றரை மாதத்திலும் அதே 4.6. என் மாமியார் "சீர் தட்டியிருக்கு" என்று சொல்லி மந்திரிக்கத் தூக்கிப் போனார். படித்தவள் என்ற திமிரில் அன்றைக்கு அவரோடு சண்டை போட்டேன். இப்போது நினைத்தால், பிள்ளைக்கு ஏதோ அடிப்படையிலேயே சரியில்லை என்று வீட்டில் முதலில் சொன்னவர் அவர்தான். நான் பார்த்த மூன்று மருத்துவர்களும் "சளி", "பால் ஒத்துக்கல", "எடை போடும், கவலைப்படாதீங்க" என்றுதான் சொன்னார்கள்.

பிசிஜி போட்ட இடம் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரணமாக அந்த இடத்தில் மூன்று நான்கு வாரத்தில் ஒரு சின்னக் கொப்புளம் வரும், அது பழுத்து உடைந்து, பொருக்குத் தட்டி, மூன்று மாதத்துக்குள் தழும்பாகும். அது நல்ல அடையாளம், அதன் மேல் எண்ணெயோ மஞ்சளோ எதுவும் தடவக் கூடாது என்று நர்சம்மா சொல்லியே அனுப்புவார். இவனுக்குப் புண் ஆறவே இல்லை. விளிம்பு கறுத்து, நடுவில் குழியாக, ஈரமாகவே இருந்தது. மூன்றே கால் மாதத்தில் குளிப்பாட்டும்போது இடது அக்குளில் நெறி கட்டியிருப்பது கையில் தட்டுப்பட்டது. கோலிக்குண்டு அளவு. இரண்டு வாரத்தில் எலுமிச்சை அளவாகி, மேல்தோல் சிவந்து, உடைந்து சீழ் வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதைப் படிக்கிற யாராவது இன்று ராத்திரி தூங்காமல் பிள்ளையின் அக்குளைத் தடவிக்கொண்டிருப்பார்கள். பிசிஜிக்குப் பிறகு இடது அக்குளில் நெறி கட்டுவது நல்ல ஆரோக்கியமான குழந்தைகளுக்கும் வருவதுதான், பெரும்பாலும் தானாகவே கரைந்துபோகும். அது மட்டும் வந்து, பிள்ளை பால் குடித்து எடை போட்டு விளையாடினால் பயப்பட ஒன்றுமில்லை, மருத்துவரிடம் ஒருமுறை காட்டினால் போதும். என் மகனுக்கு வந்தது தனியாக வரவில்லை. நிற்காத பேதி, போகாத வாய்ப்படலம், ஏறாத எடை, மாறாத இருமல், எல்லாம் சேர்ந்து வந்தது. சேர்ந்து வருவதைத்தான் கவனிக்க வேண்டும்.

சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். காசநோய்க் கிருமி என்று முடிவு வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. மூன்றரை மாதக் குழந்தைக்குக் காசநோய் என்றால் வீட்டில் யாரோ இருமுகிறவர்தான் கொடுத்திருக்க வேண்டும் இல்லையா. பீடி குடிக்கிற என் மாமனாரை எல்லோரும் பார்த்தார்கள். எதுவும் சொல்லவில்லை, பார்த்தார்கள். அவருக்கு எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை, எங்கள் எல்லோருக்கும் எக்ஸ்ரே. யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் பேரனைத் தொடுவதை நிறுத்திவிட்டார், திண்ணையிலேயே படுத்துக்கொண்டார்.

அந்தக் கிருமியை வீட்டில் யாரும் கொடுக்கவில்லை. அது தடுப்பூசியில் இருந்த கிருமியேதான். பிசிஜி என்பது மாட்டுக்கு வரும் காசநோய்க் கிருமியின் ஒரு வகை. பிரான்சில் கால்மெட், கெரான் என்ற இரண்டு பேர் 1908இல் தொடங்கி 13 வருடம், 230 முறை திரும்பத் திரும்ப வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து 1921இல் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். வீரியம் குறைந்ததே தவிரச் சாகவில்லை. நம் உடம்பில் டி அணுக்கள் இருந்தால் அந்தக் கிருமியைப் பிடித்துக் கட்டிப்போட்டுப் பாடம் படித்துக்கொள்ளும், கையில் தழும்பு மட்டும் மிஞ்சும். டி அணுவே இல்லாத உடம்பில் அது மெதுவாக வளர்ந்து அக்குளுக்குப் போய், அங்கிருந்து ஈரல், எலும்பு, தோல் என்று பரவும். இப்போது ஆஸ்பத்திரிகளில் செய்கிற ஜீன் எக்ஸ்பர்ட் பரிசோதனை 'காசநோய்க் குடும்பத்துக் கிருமி' என்று மட்டுமே சொல்லும், அது மனிதரிடமிருந்து வந்ததா ஊசியிலிருந்து வந்ததா என்று பிரித்துச் சொல்லாது. அதற்குத் தனிப் பரிசோதனை வேண்டும். இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் வழக்கமான காசநோய் மருந்துகளில் ஒன்றான பைராசினமைடு இந்தக் கிருமியிடம் எடுபடாது, இயற்கையிலேயே அதற்கு அசையாத வகை இது. எங்கள் ஊரில் முதல் மூன்று வாரம் அந்த மருந்தும் சேர்த்துத்தான் கொடுத்தார்கள்.

நாலரை மாதத்தில் சென்னைக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு நோய் எதிர்ப்புத் துறை மருத்துவர், நடுத்தர வயதுப் பெண்மணி. நான் கையோடு கொண்டுபோன பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்து எல்லாக் காகிதத்தையும் மேசையில் பரப்பினார். பழைய ரத்தப் பரிசோதனைத் தாள் ஒன்றை எடுத்து, செல்போனில் ஏதோ பெருக்கிப் பார்த்து, என் பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டரை மாதத்தில், சளி என்று போனபோது எடுத்த ரத்தம். மொத்த வெள்ளை அணு 5100. அதில் லிம்போசைட் (டி அணுக்கள் இந்த வகையில்தான் சேரும்) 12 சதவீதம். பெருக்கினால் 612. "கைக்குழந்தைக்கு இது 3000க்குக் கீழ இருந்தாலே மறுபடி எடுத்துப் பார்க்கணும்மா" என்றார்.

அந்தத் தாளில் 612 என்ற எண் எங்கேயும் இல்லை. பல ஆய்வகங்கள் சதவீதத்தை மட்டுமே அச்சடிக்கின்றன. பக்கத்தில் இருக்கும் 'இயல்பு அளவு' பெரியவர்களுக்கானது, லிம்போசைட் 20 முதல் 40 வரை என்று போட்டிருக்கும். மூன்று மாதக் குழந்தைக்கு வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் லிம்போசைட்தான் இருக்க வேண்டும். பெரியவர் அளவை வைத்துப் பார்த்தால் 12 என்பது 'கொஞ்சம் கம்மி, சளிதானே' என்று தோன்றும். எங்களுக்கும் அதுதான் நடந்தது, ஆன்டிபயாடிக் எழுதி அனுப்பினார்கள். இருநூறு ரூபாய்ப் பரிசோதனை அது. பதில் ஏற்கெனவே எங்கள் பையில் இரண்டு மாதமாக மடித்துக் கிடந்திருக்கிறது. அதனால் கைக்குழந்தைக்கு எப்போது ரத்தம் எடுத்தாலும் மொத்த வெள்ளை அணுவை லிம்போசைட் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுத்துப் பாருங்கள். 3000க்குக் கீழே வந்தால் அந்த எண்ணை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நல்ல காய்ச்சலின்போது கொஞ்ச நாள் குறைந்திருக்கவும் கூடும், அதற்குத்தான் மறுபடி எடுப்பது.

அப்புறம் மார்பு எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, இதயத்துக்கு மேலே ஒரு இடத்தைக் காட்டினார். பச்சைக் குழந்தைகளுக்கு அங்கே தைமஸ் என்ற சுரப்பி பாய்மரம் மாதிரி நிழலாகத் தெரியுமாம். டி அணுக்கள் பயிற்சி எடுக்கும் பள்ளிக்கூடம் அது. என் மகனுடைய படத்தில் அந்த இடம் காலி. அதைப் பார்த்த பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"உங்க அம்மா கூடப் பிறந்த ஆம்பளப் புள்ளைங்க யாராவது சின்னதுலேயே தவறிட்டாங்களா?"

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா உள்ளே வந்து, தன் பெயருக்கான காரணத்தைச் சொன்னாள். மருத்துவர் பேனாவை எடுத்து வட்டமும் சதுரமுமாக வரைய ஆரம்பித்தார். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம், இறந்த சதுரத்தின் மேல் குறுக்குக் கோடு. அம்மாச்சி, அதன் கீழே கோடு போட்ட இரண்டு சதுரம், அம்மா, சித்தி, நான், என் மகன். ஒரே நிமிடத்தில் வரைந்துவிட்டார். இந்த வகை ஸ்கிட் எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுக் கோளாறு. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் இருப்பதால் ஒன்று கெட்டாலும் இன்னொன்று காப்பாற்றும், நோய் தெரியாது, ஆனால் அவள் அதைத் தூக்கிச் சுமப்பாள். பையனுக்கு ஒரே எக்ஸ், அது தாயிடமிருந்து வருவது. ஆக, சொந்தத்தில் கல்யாணம் செய்ததற்கும் செய்யாததற்கும் இதில் சம்பந்தமே இல்லை. ஸ்கிட்டில் வேறு வகைகள் உண்டு, அவை உறவுமுறைத் திருமணங்களில் அதிகம் வரும், நம் ஊரில் தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டுவதால் அந்தக் கேள்வியும் தேவைதான். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. 'தாய் வழியில் ஒரு வயதுக்குள் இறந்த ஆண் குழந்தை உண்டா', 'இதற்கு முன் உங்களுக்கே ஒரு குழந்தை இறந்திருக்கிறதா' என்ற இரண்டும் ஊசி போடுவதற்கு முன்னால் கேட்கப்பட்டிருந்தால் என் அம்மா அந்த இடத்திலேயே பதில் சொல்லியிருப்பாள்.

ரத்தத்தில் அணுக்களை வகை பிரிக்கும் பரிசோதனையில் டி அணு ஏறக்குறைய பூஜ்யம் என்று வந்தது. மரபணு முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று, அதற்காகச் சிகிச்சை காத்திருக்கவில்லை. அன்றைக்கே சில விஷயங்கள் மாறின, சிலவற்றை நானே தவறாகச் செய்துகொண்டிருந்தேன்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னார்கள். என் ரத்தத்தில் சைட்டோமெகலோ என்ற வைரஸின் அடையாளம் இருந்தது, நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இருக்கும், நமக்கு ஒன்றும் செய்யாது, பால் வழியாக இவனுக்குப் போனால் ஆபத்து. பால் கட்டி, காய்ச்சல் வந்து, முட்டைக்கோஸ் இலை வைத்துக்கொண்டு வார்டில் அழுதது தனிக் கதை. அடுத்தது ரத்தம். ஊரில் ஹீமோகுளோபின் கம்மி என்று ரத்தம் ஏற்ற எழுதிவிட்டு, குரூப் கிடைக்காததால் தள்ளிப் போட்டிருந்தார்கள். கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இங்கே வந்து தெரிந்துகொண்டேன். ஸ்கிட் குழந்தைக்குக் கதிர்வீச்சு கொடுத்துப் பக்குவப்படுத்திய ரத்தம் மட்டுமே ஏற்ற வேண்டும். சாதாரண ரத்தத்தில் உள்ள கொடையாளியின் டி அணுக்கள் குழந்தையின் உடம்பையே தாக்க ஆரம்பித்துவிடும், அது வந்தால் மீட்பது மிகக் கடினம். சந்தேகம் இருக்கும் கட்டத்திலேயே இதைக் கேட்டு வாங்க வேண்டும், உறுதியாகும் வரை பொறுக்கக் கூடாது.

எதிர்ப்பொருள் மருந்தான இம்யூனோகுளோபுலின் மூன்று வாரத்துக்கு ஒருமுறை, ஒருவகை நிமோனியாவைத் தடுக்க கோட்ரைமாக்சசோல், பூஞ்சைக்கு ஒரு மருந்து. பிசிஜிக்கு பைராசினமைடை எடுத்துவிட்டு ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், எத்தம்பியூட்டால், லெவோஃப்ளாக்சசின் என்று நான்கு. ரிஃபாம்பிசின் கொடுத்தால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், முதல் நாள் துணியைப் பார்த்து ரத்தம் என்று கத்திவிட்டேன், முன்கூட்டியே யாராவது சொல்லியிருக்கலாம். மலத்தில் ரோட்டா வைரஸ் இருந்தது, தடுப்பு மருந்தில் இருந்த அதே வகைதான், எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை முடிந்து புது அணுக்கள் வரும் வரை அது போகவே இல்லை. போலியோ வைரஸ் இருக்கிறதா என்று இரண்டு முறை அனுப்பினார்கள், இல்லை என்று வந்தது. உள்ளே போன மூன்று உயிருள்ள மருந்துகளில் ஒன்றைப் பற்றிய பயம் அப்படிக் கழிந்தது. இந்தக் குழந்தைகளின் குடலில் சொட்டு மருந்து வைரஸ் மாதக்கணக்கில் தங்கி, உருமாறி, மறுபடி வாதம் உண்டாக்கும் சக்தி பெறலாம் என்பதால்தான் அந்தக் கவனம்.

எலும்பு மஜ்ஜை மாற்று ஒன்றுதான் நிரந்தர வழி. கூடப் பிறந்தவர் இல்லை, பொருத்தமான வெளிக் கொடையாளியும் கிடைக்கவில்லை, அப்பாவிடமிருந்து பாதிப் பொருத்தத்தில் செய்தார்கள். உடனே செய்ய முடியவில்லை. வட அமெரிக்காவில் 240 குழந்தைகளை வைத்து 2014இல் வந்த ஒரு கணக்கைச் சொன்னார்கள். மூன்றரை மாதத்துக்குள் மாற்று செய்த குழந்தைகளில் 94 சதவீதம் பேர் ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள், அந்த வயதைத் தாண்டி, தொற்று உடம்பில் இருக்கும்போதே செய்தால் அது 50 சதவீதம். ஆக முதலில் பிசிஜி கிருமியை அடக்க வேண்டும், ஆனால் அடக்குகிற அணு இல்லாமல் மருந்து மட்டும் அதை முழுதாக ஒழிக்காது. இரண்டு பக்கமும் இடிக்கிற கதை. மூன்று மாதம் மருந்து கொடுத்து, புண் கொஞ்சம் வற்றிய பிறகு எட்டாவது மாதம், 2023 பிப்ரவரியில் மாற்று நடந்தது.

ஆறாவது வாரம் ஒரு ராத்திரி அக்குள் மறுபடி வீங்கிச் சிவந்து, கையில் ஆறியிருந்த பிசிஜி புண் கிளம்பி வந்தது. எல்லாம் தோற்றுவிட்டது என்று உட்கார்ந்துவிட்டேன். காலையில் மருத்துவர் வந்து பார்த்துச் சிரித்தார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது. "புது அணு வந்துடுச்சும்மா, இப்பத்தான் அதுங்க கிருமியக் கண்டுபிடிச்சுச் சண்டை போடுதுங்க" என்றார். ஸ்டீராய்டு கொஞ்ச நாள் கொடுத்து அந்தச் சண்டையைக் கட்டுக்குள் வைத்தார்கள். மாற்றுக்குப் போகிற பெற்றோர்கள் இதை முன்பே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், வந்தால் உடனே சொல்லுங்கள், ஆனால் இடிந்துபோகாதீர்கள். பிசிஜி மருந்து மொத்தம் பத்தொன்பது மாதம் ஓடியது, இடையில் ஈரல் பாதிக்கப்பட்டு இரண்டு தடவை நிறுத்தி ஆரம்பித்தார்கள்.

பணத்தைப் பற்றி எழுதாவிட்டால் இது பாதிக் கதை. எல்லாம் சேர்த்து 20 லட்சத்தைத் தாண்டியது. முதலமைச்சர் காப்பீட்டில் ஒரு பகுதி, இணையத்தில் திரட்டியது ஒரு பகுதி, என் நகை, மாமனாரின் அரை ஏக்கர். (திண்ணையில் படுத்தாரே, அவர்தான்.) மத்திய அரசின் அரிய நோய்களுக்கான கொள்கை என்று 2021இல் வந்த ஒன்று இருக்கிறது, ஸ்கிட் அதன் முதல் பிரிவிலேயே வருகிறது, 2022இல் உதவித் தொகையை 50 லட்சம் வரை உயர்த்தினார்கள் என்பது எனக்குத் தெரிந்தபோது மாற்று முடிந்து நான்கு மாதம். அதற்கென்று அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களில் பதிந்தால்தான் கிடைக்கும். டெல்லி எய்ம்ஸ், சண்டிகர் பிஜிஐ, பெங்களூரு மனித மரபியல் மையம் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. நோய் உறுதியான அன்றைக்கே இதைக் கேளுங்கள், பில் கட்டிய பிறகு கேட்பதில் பயனில்லை.

இனிக் கோபம் பற்றி. எனக்கு ஊசி மீது கோபம் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். உறவினர் ஒருவர் தடுப்பூசியே சதி என்கிற வீடியோக்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார், ஒரு வாரம் அதையெல்லாம் பார்த்தேன். ஆனால் ஊரில் சேர்த்திருந்த வார்டில் எங்களுக்குப் பக்கத்துக் கட்டிலில் மூளைக்காய்ச்சலாக முற்றிய காசநோயோடு ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, பிசிஜி போடாதது. கண் ஒரு பக்கம் நிலைகுத்தி, தலையில் குழாய் வைத்து. சின்னக் குழந்தைகளுக்கு அந்த மாதிரிக் காசநோய் வராமல் தடுப்பதற்குத்தான் பிறந்தவுடனே பிசிஜி. காசநோய் இவ்வளவு இருக்கிற நாட்டில் எல்லாக் குழந்தைக்கும் ஊசியைத் தள்ளிப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில், பிறந்தவுடன் போடாமல் 28 நாள் கழித்துத்தான் பிசிஜி போடுவது என்று மாற்றினார்கள், குதிகாலில் எடுக்கும் சொட்டு ரத்தத்தில் ஸ்கிட் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுப் போடுவதற்காக. அமெரிக்காவில் 2018 முடிவதற்குள் எல்லா மாகாணத்திலும் அந்தப் பரிசோதனை வந்துவிட்டது. நம் தேசியத் திட்டத்தில் அது இல்லை. வரும் வரை நம்மிடம் இருப்பது அந்த இரண்டு கேள்விகள்தான், அதற்குக் காசு கிடையாது. ஸ்கிட் குழந்தைகளுக்குப் பிசிஜி என்ன செய்கிறது என்று 17 நாடுகளில் 349 குழந்தைகளைப் பார்த்ததில் 51 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்திருக்கிறது, முதல் மாதத்துக்குள் போட்டவர்களுக்கு அது அதிகம். இந்த எண்ணைப் படித்தபோது எனக்குக் கோபம் ஊசியிலிருந்து விலகி அந்தப் படிவத்தின் மேல் போயிற்று.

வீடு திரும்பிய பிறகும் சில சிக்கல்கள் உண்டு. மகனுக்கு டி அணுக்கள் வந்துவிட்டன, எதிர்ப்பொருள் செய்கிற பி அணுக்கள் சரியாக வேலை செய்வதில்லை, இன்னமும் இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறோம். அதனால் உயிருள்ள தடுப்பு மருந்து எதுவும் கிடையாது, தட்டம்மை, சின்னம்மை ஊசியும் சேர்த்து. 2024 மார்ச் போலியோ முகாம் முடிந்து வீடு வீடாக வந்தார்கள். போட மாட்டேன் என்றேன். சுவரில் எக்ஸ் குறி போட்டுவிட்டுப் போனார்கள், மறுநாள் மேற்பார்வையாளரோடு வந்தார்கள், தெருவே வேடிக்கை பார்த்தது. மருத்துவரின் கடிதத்தை லேமினேட் செய்து வாசலுக்குப் பக்கத்திலேயே ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன் இப்போது. அந்த மேற்பார்வையாளர் நின்று முழுதாகப் படித்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டார். கூடவே ஒரே வீட்டில் இருக்கிற மற்றக் குழந்தைகளுக்கும் சொட்டு வேண்டாம், ஊசி போலியோ போடுங்கள் என்று அவரே சொன்னார். சரியான ஆலோசனை அது, சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் சில வாரம் வைரஸ் போகும். பெரியவர்கள் நாங்கள் வருடா வருடம் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்கிறோம்.

2025இல் இரண்டாவது பையன் பிறந்தான். பன்னிரண்டாவது வாரத்தில் நஞ்சுக்கொடித் திசு எடுத்துப் பார்த்தோம். கருவில் ஆணா பெண்ணா என்று சொல்வதைத் தடுக்கும் 1994 சட்டம் பாலினம் சார்ந்த மரபு நோய்க்கான பரிசோதனையை அனுமதிக்கிறது, பதிவு பெற்ற மையத்தில் எழுதிக் கொடுத்துச் செய்ய வேண்டும். கோளாறு இல்லை என்று வந்தது. இருந்தும் பிரசவ அறைக்குப் போகும்போது கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதி ஒட்டினேன். அதையும் மீறி இரண்டாம் நாள் காலை ஊசித் தட்டோடு ஒரு பெண் வந்து நின்றார். அவர் மேல் தப்பில்லை, அவருக்கு அது இருபது குழந்தை கொண்ட ஒரு பட்டியல். அம்மா தொட்டிலுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். ரத்தப் பரிசோதனை முடிவு ஒன்பதாம் நாள் வந்தது, நன்றாக இருந்தது, மூன்றாவது வாரம் நானே தூக்கிப் போய் பிசிஜி போட்டேன்.

இதில் முடியாமல் கிடப்பது சித்தி வீடு. சித்திக்கும் அந்தக் கோளாறு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அப்படியிருந்தால் அவர் மகளுக்கும் பாதி. பரிசோதனை செய்யுங்கள் என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். "பொண்ணுக்குக் கல்யாணம் ஆகணும், இந்தப் பேச்சை வெளிய எடுக்காத" என்றார். கல்யாணம் ஆயிற்று. "இப்ப எதுக்கு, நல்லாத்தானே இருக்கா" என்றார். போன மாதம் தங்கச்சியே போன் செய்தாள், மொட்டை மாடியில் நின்று பேசுகிற சத்தம், ஏழாவது மாதம், ஸ்கேனில் எல்லாம் சரி என்கிறார்கள், அம்மாவுக்குத் தெரியாமல் கேட்கிறேன் அக்கா, நான் என்ன செய்ய வேண்டும் என்றாள். அவளுக்கு அனுப்பியதை அப்படியே கீழே போடுகிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.

"முதல்ல உன் ரத்தத்தைக் கொடு, என் மகனோட மரபணு ரிப்போர்ட்டை இதோட அனுப்பியிருக்கேன், அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பார்க்கச் சொன்னாப் போதும், செலவு குறையும். முடிவு பிரசவத்துக்கு முன்னாடி வரலைன்னா கவலைப்படாத. கேஸ் ஷீட்ல டாக்டர் கையால இதை எழுதி வாங்கு: 'தாய் வழியில் இரண்டு ஆண் குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறப்பு. அக்கா மகனுக்கு எக்ஸ் வழி ஸ்கிட். பையன் பிறந்தால் லிம்போசைட் எண்ணிக்கையும் டி அணுப் பரிசோதனையும் சரி என்று வரும் வரை பிசிஜி, போலியோ சொட்டு, ரோட்டா வேண்டாம். மஞ்சள் காமாலை ஊசியும் வைட்டமின் கே ஊசியும் போடலாம். ரத்தம் ஏற்ற வேண்டி வந்தால் கதிர்வீச்சு கொடுத்தது மட்டும்.' இதை ரெண்டு காப்பி எடுத்து ஒண்ணை மாப்பிள்ளை கையில கொடு. பொண்ணு பிறந்தா இந்த நோய்க்குப் பயமில்லை, எல்லா ஊசியும் நேரத்துக்குப் போடு. பிரசவ வலி வந்தா எந்நேரமா இருந்தாலும் எனக்கு ஒரு மிஸ்டு கால் விடு. அம்மாவைக் கூட்டிக்கிட்டு வர்றேன். அவ தொட்டில்கிட்ட நின்னுக்குவா."